இடைவேளை பள்ளத்தூரில்

காலை எட்டு இருபதுக்குக்
காரைக்குடியில் வண்டி நிரம்பினால்
கோட்டையூர் வரைக்கும் அழகம்மையின் படம்.
நேற்று ராத்திரி பார்த்தது.
"முதல் பாதி கெட்டித் தயிரு.
ரெண்டாம் பாதி மோருல தண்ணி"
என்று சொல்லி
வங்கி வாசலில் இறங்கிவிடுவாள்.
தண்ணீர் எங்கே கலந்தது, யார் ஊற்றினார்கள்,
கேட்பதற்குள் அடுத்தவர் ஏறிவிடுவார்.

நான் படம் பார்ப்பதில்லை.
பார்த்தவர்களை ஏற்றிப் போகிறேன்.

எனக்குத் தெரிந்த கதைகளிலெல்லாம்
கொலைகாரன் முகம் தெரியும் நேரம்
யாராவது சில்லறை நீட்டுவார்கள்.
ஒரு தொடரில்
நஞ்சு கலந்த பால் தம்ளரோடு
மாமியார் அறை வாசலில் மருமகள் நிற்கிறாள்,
மூன்று மாதமாக.
அதைச் சொல்லிவந்த ஜெபமேரி டீச்சருக்கு
மானாமதுரைக்கு மாற்றல்.
பால் இன்னும் ஆறவில்லை.

பள்ளத்தூரில் ஷம்சாத் ஏறுவாள்.
பாதிப் பேச்சில் ஏறி
முழுப்படத்தையும் மறுப்பாள்.
"ஊரே அழுதுச்சாம்ல அந்த எடத்துல,
எனக்குக் கொட்டாவிதான் வந்துச்சு."
விடுதியில் சமைக்கும் சேவுகமூர்த்திக்கு
வேறு கணக்கு:
"சண்டையெல்லாம் சரிதான்.
பந்தியில உக்காந்தாகளே, ஒருத்தராச்சும்
சோத்த முழுங்குனாகளா? பாத்தீகளா?"
அதற்குப் பிறகு கொஞ்ச தூரம்
யாரும் பேசவில்லை.
அவரவர் மனத்தில் ஓடவிட்டு
நடிகர்களின் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போன தை மாதம்
கானாடுகாத்தானில் படப்பிடிப்பு.
வண்டியும் வேண்டும், ஆளும் வேண்டும் என்றார்கள்.
பெரிய வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை
பின்சீட்டில் ஒரு பெண் அழ
நான் ஓட்டவேண்டும்.
"என்ன ஆனாலும் திரும்பாதே."
பதினொரு முறை ஓட்டினேன்.
ஒவ்வொரு முறைக்கும் முன்னால்
சின்ன சீசாவிலிருந்து கண்ணில் ஏதோ தொட்டுக்கொண்டாள்.
ஏழாவது முறை தொடவில்லை.
அதற்குச் சற்று முன் ஒரு போன் வந்திருந்தது.
கண்ணாடியில் பார்த்தேன்,
கண்ணாடியில் பார்க்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை.
முடிந்ததும் என் தண்ணீர் பாட்டிலை வாங்கிக் குடித்தாள்.
ஆயிரத்து இருநூறு ரூபாய், ஒரு பிரியாணிப் பொட்டலம்.
வீட்டில்கூடச் சொல்லவில்லை.

படம் வெள்ளிக்கிழமை வந்தது.
திங்களன்று வங்கிக்கு லீவு,
கானாடுகாத்தானில் அழகம்மைக்கு ஒரு காதுகுத்து.
அவள் வாயால் ஒரு படம்
முதன்முறையாகக் கோட்டையூரைத் தாண்டியது.

"அந்த ஆட்டோ சீனு எதுக்குங்கறேன்? வெட்டியிருக்கலாம்."
"அதையா? வசனமே இல்லாத எடம் அது ஒண்ணுதான்"
என்றார் சேவுகமூர்த்தி.
ஷம்சாத் விடவில்லை:
"பின்னால ஒரு பொம்பளப்புள்ள அந்த அழுகை அழுவுது,
முன்னால இருந்தவன்
ஒரு தடவை திரும்புனானா? அவனெல்லாம் மனுசனா?"

கியரை மாற்றினேன்.
மாற்றத் தேவையில்லாத இடம்.
பிடரியில் ஏழு பேரின் மூச்சு.
இந்தச் சட்டைதான், இந்தத் தோள்தான்,
கம்பியில் கட்டிய இந்தக் கறுப்புக் கயிறுதான்.
யாரும் பார்க்கவில்லை.

பத்து வருஷத்தில் முதல் தடவையாக
நான் ஒன்று கேட்டேன்.
"அழுதப்ப அந்தப் பொண்ணு கண்ணத் தொடச்சுச்சா?"

வண்டிக்குள் அமைதி.
டிரைவருக்கும் காது உண்டென்று
அப்போதுதான் தெரிந்தமாதிரி.

"இல்ல" என்றாள் ஷம்சாத், மெதுவாக.
"தொடைக்கவே இல்ல. அப்படியே வழிய விட்டுருச்சு.
அங்க மட்டும்
எனக்குக் கொட்டாவி வரல."

அப்படியானால் ஏழாவது.

"கடைசியில அவ என்ன ஆனான்னா..."
என்று ஆரம்பித்தாள் அழகம்மை.

கானாடுகாத்தான் வந்துருச்சு, எறங்குங்க
என்றேன்.

இன்னும் ஒரு கிலோமீட்டர் இருந்தது.